டத்தோவின் கன்னத்தில் ஒரு கேமரா

தான் யார் கண்ணுக்கும் தெரியாமல் எல்லாரையும் பார்ப்பது கடவுளுக்கு மட்டுமே உரிய ஆற்றல் என்று மனித குலம் நம்பியிருந்த நெடுங்காலம், ஒரு சனிக்கிழமை மாலை, பிரிக்ஃபீல்ட்ஸில் முடிவுக்கு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் நன்னோக்குப் பேரவையும் இனி அந்த ஆற்றலைப் பெறும் என்று செயற்குழுவில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். வழிமொழிந்தவரின் வாயில் கறிபாப் பலகாரம் இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான்: பேரவை வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரத்தில் கேமரா வெளியே தெரியக் கூடாது. திரைக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பேரவையில் எல்லாவற்றுக்கும் வரலாறு உண்டு. மாடிக்குப் போகும் லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பதற்கே வண்ண அட்டை போட்டுச் சிறப்பு மலர் வெளியிட்டிருக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை நடக்கும் 'நன்னோக்கு நாள்' கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு இரண்டு கறிபாப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, அரசுப் பட்டம் பெற்ற தலைவர் டத்தோ சிவநேசன் "அன்பார்ந்த" என்று ஆரம்பிப்பதற்குள் மறைந்துவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் முதலில் ஓர் இயந்திரம் வாங்கினார்கள். அது நன்றாகத்தான் வேலை செய்தது, சரஸ்வதி பூசை வரைக்கும். பூசையன்று செயலாளர் பக்கிரிசாமி சந்தனக் கிண்ணத்தோடு கட்டடம் முழுக்க வலம் வந்து ஃபோட்டோஸ்டாட் மெஷின், தண்ணீர் ஃபில்டர், ஓடாத லிஃப்ட் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். வருகை இயந்திரத்தில் எங்கே வைப்பது என்று பார்த்தவர், நெற்றி மாதிரி மேலே நடுவில் வட்டமாக ஓர் இடம் இருப்பதைக் கண்டு மனம் குளிர்ந்தார். சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தையும் வைத்தார்.

அந்த வட்டம்தான் கேமரா.

அடுத்த பல மாதங்களுக்கு, இயந்திரத்தின் கணக்குப்படி, பேரவைக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. டத்தோ மனம் நொந்துபோனார். சமுதாயம் இப்படிப் பொறுப்பில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறதே என்று, வராதவர்களைக் கண்டித்து, வந்திருந்தவர்களிடம் நெடுநேரம் பேசினார்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அந்தப் பொட்டைத் தொடச்சிட்டா சரியாயிடும் லா," என்றார்.

"சாமிக்கு வச்சத யாரு தொடைக்கிறது?" என்றார் பக்கிரிசாமி. "நீங்க தொடைக்கிறீங்களா? உங்க பேரு மினிட்ஸ்ல போட்டுக்கவா?"

புதிய உறுப்பினர் உட்கார்ந்தார். பிறகு அவர் எழுந்ததாகத் தகவல் இல்லை.

மகளிர் பிரிவுத் தலைவி இராஜம்மாதான் முடிச்சை அவிழ்த்தார். "கேமரா வெளிய தெரியறதுனாலதானே பொட்டு வைக்கிறோம்? தெரியாட்டி எங்க வைப்போம்?" குற்றம் பொட்டின் மேல் இல்லை, கேமராவின் மேல்தான் என்று அன்று உறுதியானது.

கிள்ளானில் குடியிருக்கும் மலர்விழிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சுபாங் ஜெயாவில், கார் பார்க்கில் காசு கட்டும் மெஷின்களுக்குத் திரை வடிவமைக்கிற நிறுவனத்தில் வேலை செய்தாள். அவளுடைய அம்மா புஷ்பவல்லிதான் பேரவை உறுப்பினர். பதினோரு ஆண்டுகளாக ஒரு கூட்டம் தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து டத்தோவின் பேச்சைக் கடைசி வார்த்தை வரை கேட்டவர். சமுதாயப் பற்று என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கீழ்த்தள மண்டபத்தை. ஏர்கோன் ஓடுகிற, கார் நிறுத்த இடமிருக்கிற மண்டபம் தை மாதத்தில் கிடைப்பது லேசில்லை. பேரவை மண்டபம் உறுப்பினருக்கு மட்டும்தான். மகளுக்கு ஒரு நாள் கல்யாணம் ஆகாமலா போகும் என்று புஷ்பவல்லி முன்கூட்டியே உட்கார ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்த நாள் வந்திருந்தது. மாப்பிள்ளை ரிஷி, காஜாங். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம். வருகிற தையை விட்டால் ரிஷியை வேலைக்குக் கடல் தாண்டி மீரிக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. மண்டபத்துக்குச் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் புக்கிங் உறுதியாகவில்லை.

பக்கிரிசாமியிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஏம்மா மலரு, நீ ஸ்கிரீன் வேலதானே செய்யற? நம்ம பேரவைக்கு ஒரு மெஷின் பண்ணணும். சமுதாயப் பணி. காசு கீசுன்னு பேசிராத."

"ஆபீஸ்ல ரொம்ப பிசி அங்கிள்."

"பரவால்ல, பரவால்ல. ஆங், உங்கம்மா கேட்ட ஹால் புக்கிங் இன்னும் கன்ஃபர்ம் ஆகல பாரு. செயற்குழுலதான் இருக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்னா அங்கிள் சம்பந்தம்?"

"சம்பந்தமே இல்லம்மா. அதான் ரெண்டையும் ஒரே ஃபோன்ல சொல்லிட்டேன்."

அடுத்த சனிக்கிழமை மலர்விழி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். லிஃப்டுக்கு முன்னால் புதுப் பூச்சரம் தொங்கியது.

செயற்குழுவுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று அவள் முந்தைய நாளே யோசித்து வைத்திருந்தாள். "திரைக்கு அடியில கேமரா வைக்கலாம் டத்தோ. அந்த எடத்துல மட்டும் திரையோட புள்ளிங்க தள்ளித் தள்ளி இருக்கும். நடுவுல வெளிச்சம் உள்ள போகும். ஆனா படம் எடுக்கிற நேரம் மட்டும் அந்த எடம் அணைஞ்சு இருக்கணும். கருப்பா, ஒரு அம்பது சென் காசு அளவுக்கு."

"ஏன் அணையணும்?" என்றார் இராஜம்மா.

"ராத்திரி ஜன்னல்ல பல்ப எரியவிட்டுட்டு வெளிய எட்டிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது இல்லீங்களா ஆன்டி? அது மாதிரி."

"எங்க வீட்டு ஜன்னல்ல பல்பு இல்ல," என்றார் இராஜம்மா. இது குறிப்பில் ஏறியது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதைச் செயற்குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. டத்தோவின் படம். கோட்டு, பதக்கம், புன்னகையோடு. பேரவைக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவர் முகத்தை, அதுவும் தங்கள் முகத்துக்கு நேர் எதிரே. கேமராவும் முகத்துக்கு நேர் எதிரேதான் இருந்தாக வேண்டும். அதாவது அது டத்தோவுக்கு அடியில் இருந்தாக வேண்டும்.

"படத்தைக் கொஞ்சம் கீழ எறக்கிட்டா..." என்று மலர்விழி ஆரம்பித்தாள். வருகிற மார்ச்சில் பேரவைத் தேர்தல் என்பது அவளுக்குத் தெரியாது.

"எறக்கறதா?" என்றார் பக்கிரிசாமி.

டத்தோ கண்களை மூடிக்கொண்டார். "சொல்லட்டும், பாவம், சின்னப் பொண்ணு. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க."

"இல்ல டத்தோ, மேல வேணும்னா ஏத்தி..."

"மேல போயிட்டாருன்னு வெளிய பேசுவாங்கம்மா," என்றார் இராஜம்மா பதறிப்போய்.

"அப்படின்னா சைடுல..."

"ஓரங்கட்டறதா!" என்று இம்முறை மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

தை மாதம் அவள் கண்ணெதிரே மெல்ல நகர்ந்து மீரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மடிக்கணினியில் டத்தோவின் படத்தைப் போட்டு, கேமரா வருகிற இடத்தில் கருப்பு வட்டத்தை வைத்துக் காட்டினாள். அது டத்தோவின் இடது கன்னத்தில் போய் உட்கார்ந்தது. சபை மூச்சை உள்ளே இழுத்தது.

"திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கும் டத்தோ," என்றாள் அவள். யோசித்துச் சொல்லவில்லை. பயத்தில் வாய் தானாகச் சொன்னது.

டத்தோ கண்ணைத் திறந்தார். தம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"இந்தப் பொண்ணுக்காவது தெரிஞ்சிருக்கே! என் மேல எவ்வளவு கண்ணு படுதுன்னு உங்க யாருக்காச்சும் தெரியுமா? பூச்சோங் கிளையில ஒரு கண்ணு. காஜாங் கிளையில ரெண்டு கண்ணு. எனக்கு டத்தோ பட்டம் கெடைச்ச அன்னிக்கு எங்க சொந்தத் தம்பி என்னப் பார்த்த பார்வை இருக்கே, அன்னிக்கு வந்த முட்டி வலி, இன்னும் போகல. நான் என்ன எனக்காகவா தலைவரா இருக்கேன்? வேற யாரும் வந்துரக் கூடாதேன்னுதான் இருக்கேன்."

கைதட்டல் அடங்கியதும் பொட்டின் அளவு பற்றிய விவாதம் தொடங்கியது. ஐம்பது சென் காசு அளவெல்லாம் கைக்குழந்தைக்குத்தான் என்று இராஜம்மா சொன்னார். டத்தோ வயதுக்கும் தகுதிக்கும் கடுகு போதும் என்றார் பக்கிரிசாமி. கடுகளவு போதாது, கேமராவுக்குக் கண் தெரியாது என்று மலர்விழி கெஞ்சினாள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பச்சைப்பயறு அளவுக்கு ஒப்புதல் கிடைத்தது.

பச்சைப்பயறு அளவு அணைந்தால் என்ன ஆகும்? மிச்சக் கன்னம் பளீரென்று எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சம் கேமராவுக்குள்ளேயே பாயும். எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முகமும், சுடுதண்ணீரில் குளித்து முடித்த பிறகு தெரிகிற குளியலறைக் கண்ணாடி மாதிரி இருந்தது. மூக்கு எது, காது எது என்று தெரியவில்லை. ஆனால் இதற்கும் வழி உண்டு. மங்கலான முகத்தை ஊகித்துத் தெளிவாக்கித் தருகிற மென்பொருள் இருக்கிறது. அதற்கு முன்கூட்டி நிறைய முகங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். உறுப்பினர்களின் படங்கள் வேண்டும் என்று கேட்டாள்.

பக்கிரிசாமி இருபத்திரண்டு ஆண்டுப் படங்களை அள்ளி அனுப்பினார். எல்லாப் படத்திலும் டத்தோ இருந்தார். பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார், போர்த்திவிட்டுக்கொண்டிருந்தார், மண்வெட்டி பிடித்திருந்தார், தீபாவளி ஹேம்பர் கூடை கொடுத்துக்கொண்டிருந்தார். உறுப்பினர்களும் இருந்தார்கள். ஒரு முழங்கையாக, ஒரு பின்னந்தலையாக, ஹேம்பரை வாங்குகிற இரண்டு கைகளாக. மென்பொருள் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்து, முகம் என்றால் டத்தோதான் என்ற முடிவுக்கு வந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. பேரவையில் பலரும் அதே வழியில்தான் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

வெள்ளோட்டத்துக்கு முதலில் பக்கிரிசாமி போய் நின்றார்.

"வணக்கம், டத்தோ சிவநேசன்," என்றது இயந்திரம். திரையில் தெரிந்த முகம் பக்கிரிசாமியின் சட்டையைப் போட்டிருந்தது. மற்றதெல்லாம் டத்தோ.

இராஜம்மா போனார். "வணக்கம், டத்தோ சிவநேசன்." காஞ்சிபுரம் சேலைக்கு மேலே அடர்ந்த மீசை.

பிறகு டத்தோவே போய் நின்றார். இயந்திரம் சிறிது யோசித்தது. "டத்தோ சிவநேசன் ஏற்கெனவே வந்துவிட்டார். நன்றி."

"யாரு வந்தா?" என்றார் டத்தோ. எல்லாரும் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

மலர்விழி சுவரோடு ஒட்டி நின்றாள். மண்டபம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, டத்தோ திரையில் மீசையோடு நின்ற இராஜம்மாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார்.

"எல்லாரும் என்னைப் போல வரணும்னு இருபத்திரண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன். ஒரு மனுசன் கேக்கல." இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார். "ஒரு மெஷின் கேட்டிருச்சு."

இராஜம்மாதான் முதலில் கை தட்டினார்.

பக்கிரிசாமி நடைமுறை தெரிந்தவர். டத்தோவின் காதருகே குனிந்தார். "தேர்தல் வருது டத்தோ. எல்லாரும் நீங்கன்னா மொத்தமே ஒரு ஓட்டுதான் விழும்."

"அந்த ஒண்ணு யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்புறம் என்னா?"

"கோரம் இருக்காதே. ஆள் எண்ணிக்கை பத்தாம கூட்டமே செல்லாதுன்னுருவாங்க."

இது டத்தோவையே சற்று யோசிக்க வைத்தது. அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, தலைவர் கூட்டத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். இரண்டு, முகம் தெளிவாகத் தெரியாத எவரும் தலைவராகவே கருதப்படுவார். இவற்றை இயந்திரத்தில் ஏற்றிய பிறகு, மற்றவர்களின் முகங்களையும் "முடிந்தால்" சரிசெய்ய மலர்விழிக்கு அனுமதி தரப்பட்டது.

அவள் செய்தாள். அடுத்த நன்னோக்கு நாளில், கறிபாப் தட்டுக்கு முன்னால் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் படம் எடுத்தாள். பேரவையில் தங்களை யாராவது படமெடுப்பது அவர்களுக்குப் புது அனுபவம். சீப்பு கைமாறியது. ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சற்று இடப்புறமாக ஒதுங்கி நின்றார்.

"நடுவுல நில்லுங்க அங்கிள்."

"இல்லம்மா, டத்தோவுக்கு எடம் விட வேணாமா?"

அந்தப் படங்களைக் காட்டி மென்பொருளை மறுபடி பழக்கினாள். பொட்டையும் ஐம்பது சென் அளவுக்குப் பெரிதாக்கினாள், படம் எடுக்கிற அந்தக் கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும். செயற்குழுவில் யாரும் கவனிக்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் அம்மாவைக் கொண்டுவந்து இயந்திரத்தின் முன் நிறுத்தினாள்.

"வணக்கம், திருமதி புஷ்பவல்லி," என்றது அது.

புஷ்பவல்லி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு," என்றார். அது சொன்னது. "பதினோரு வருஷமா வரேன். இந்தக் கட்டடத்துல என் பேரச் சொன்னது இதுதான் மொதத் தடவ."

அன்று மலர்விழி ரிஷிக்கு ஃபோன் போட்டு, பத்திரிகை அடிக்கச் சொன்னாள்.

திறப்பு விழா, வேறென்றைக்கு, சரஸ்வதி பூசையன்று. இயந்திரத்துக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். டத்தோ அதற்குப் பொன்னாடை அணிவித்தார், பிறகு இயந்திரத்தின் சார்பில் பக்கிரிசாமி டத்தோவுக்குப் பொன்னாடை அணிவித்தார். எல்லா வாழ்த்துரையும் முடிந்தபோது கறிபாப் ஆறிவிட்டது. கடைசியில் பக்கிரிசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மலர்விழி கலங்கவில்லை. இந்த நிமிடத்துக்காகத்தானே இத்தனை பாடு? இப்போது கேமரா எங்கே இருக்கிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கிரிசாமியும் திரையை மேலும் கீழும் பார்த்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டை விரலில் சந்தனத்தோடு திகைத்துத்தான் நின்றார்.

அப்போது டத்தோ பொத்தானை அழுத்தினார். இயந்திரம் படம் எடுத்தது. எடுக்கும்போது, திரையில், டத்தோவின் கன்னத்தில் வட்டமாக, கருப்பாக, ஒரு பொட்டு தோன்றி மறைந்தது.

"அட, எடம் விட்டு வச்சிருக்காங்க பாரு!" என்றார் பக்கிரிசாமி.

"அங்கிள், அங்க இல்ல!" என்று மலர்விழி கத்தியது உண்மை. ஆனால் யாரோ கையை உயர்த்த, கெட்டிமேளம் முழங்கிவிட்டது. பக்கிரிசாமி சந்தனத்தை அழுத்தி வைத்து, அதன் மேல் தாராளமாகக் குங்குமமும் வைத்தார். கேமராவுக்கு உலகம் ஒரே சிவப்பாயிற்று. சிவப்பில் யார் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று வரிசையில் நின்ற அத்தனை பேரையும் அது ஒரே பெயரால் வரவேற்றது. போன தடவை தன் பெயரைக் கேட்ட புஷ்பவல்லி மட்டும் இரண்டு முறை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"மலரு, நான் கொஞ்சம் இளைச்சிட்டேனா?" என்று கேட்டார்.

மார்கழியில் மண்டபத்தை உறுதிசெய்ய மலர்விழியும் ரிஷியும் போனார்கள். பத்திரிகை அடித்தாயிற்று. காஜாங்கிலிருந்து உறவுக்காரர்கள் வர பஸ் பேசியாயிற்று. மலர்விழியின் கைப்பையில் ஈர டிஷ்யூ ஒரு பாக்கெட் இருந்தது. வாசலில் யாரும் இல்லை. பொட்டு காய்ந்து, ஓரம் லேசாக வெடித்திருந்தது.

"தொடச்சிரு மலர்," என்றான் ரிஷி. "ஒரு செகண்ட் வேல. நான் மறைச்சி நிக்கிறேன்."

அவள் டிஷ்யூவை உருவிக் கையை நீட்டியபோது உள்ளேயிருந்து பக்கிரிசாமி வந்தார். கையைத் தலைமுடிக்குக் கொண்டுபோனாள்.

"வாங்க, வாங்க, மாப்புள்ளையா? ஒக்காருங்க." பக்கிரிசாமி கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கடைசி மூணு மாசக் கூட்டத்துக்கும் வந்திருக்கணுமே. ரூல்ஸ் தெரியும்தானே? உங்கம்மா ஒண்ணுக்கும் வரலியேம்மா."

"முன்வரிசைல ஒக்காந்திருந்தாங்க அங்கிள்! நீங்கதானே கறிபாப் குடுத்தீங்க?"

"குடுத்தேன். இல்லேன்னு சொல்லலியே. இன்னொண்ணு வேணுமான்னுகூடக் கேட்டேன். ரெக்கார்ட்ல இல்லேன்னுதான் சொல்றேன்."

"அது உங்க பொட்டுனால அங்கிள். அதைத் தொடச்சிட்டு..."

"தொடச்சா?" பக்கிரிசாமி உண்மையிலேயே அவளுக்காக வருத்தப்பட்டார். "யோசிச்சுப் பாரும்மா. தொடச்சா மெஷினுக்குக் கண்ணு நல்லா தெரியும். ஹால் புக்கிங்குக்குப் பொண்ணும் மாப்புள்ளையும் அதுலதான் மொகம் காட்டணும். நீ போயி நிப்ப. நீ மலர்விழின்னு தெரிஞ்சிரும். மலர்விழி யாரு? புஷ்பவல்லி மக. புஷ்பவல்லி எத்தன கூட்டத்துக்கு வந்தாங்க? ஹாலு கோவிந்தா."

ரிஷி மலர்விழியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"பேரவையில ஒரே ஆளுக்குத்தான் அட்டெண்டென்ஸ் சுத்தமா இருக்கு," என்றார் பக்கிரிசாமி, குரலைத் தாழ்த்தி. "ஒரு கூட்டத்துக்கே நூறு தடவைக்கு மேல வந்திருக்காரு. நான் உனக்கு நல்லதுதான் சொல்றேன். பேசாம ரெண்டு பேரும் போயி அப்படியே நில்லுங்க. ஹால் கெடைச்சிரும் லா. கல்யாணம் உனக்குத்தானே நடக்கப் போவுது?"

மலர்விழி எழுந்து இயந்திரத்தின் முன் போனாள். டிஷ்யூ கையிலேயே இருந்தது. பொட்டுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி. இத்தனை மாதம் இராப்பகலாக அந்த இயந்திரத்துக்குக் கண் திறக்கப் பாடுபட்டவள் அவள். இப்போது அது கண் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும். டிஷ்யூவால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"வணக்கம், டத்தோ சிவநேசன். மணமகள் பதிவாயிற்று."

ரிஷி போய் நின்றான். "வணக்கம், டத்தோ சிவநேசன். மணமகன் பதிவாயிற்று. மண்டபம் உறுதி. இல்லறம் இனிதே அமைய பேரவையின் வாழ்த்துகள்."

"சொன்னேன்ல?" என்றார் பக்கிரிசாமி.

மண்டப வாசலில் மின்பலகை ஒன்று உண்டு. மணமக்கள் பெயரை இயந்திரம் நேராக அதற்கு அனுப்பிவிடும். முன்பெல்லாம் பெயரில் பிழை வந்து சண்டையாகிப்போனதால், இனி மனிதக் கை அதில் படாது என்று பேரவை பெருமையாக அறிவித்திருந்தது. படவே படாது என்பது கல்யாணத்தன்று காலையில்தான் புஷ்பவல்லிக்குத் தெரிந்தது. பலகையை அணைக்கவாவது முடியுமா என்று கேட்டார். பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்றார்கள்.

காஜாங் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் பலகையைப் படித்துவிட்டு, மண்டபம் தவறிவிட்டதாக எண்ணி மறுபடி ஏறிக்கொண்டார்கள். ரிஷி மாலையும் கழுத்துமாக ஓடிப்போய் அவர்களை இறக்க வேண்டியிருந்தது. அவனுடைய சித்தப்பா ஒருவர் மட்டும் சாப்பாடு முடியும் வரை சமாதானமாகவில்லை. "டத்தோவுக்கு இது அறுபதாம் கல்யாணமா? சரி. பொண்ணும் எப்படி அவரே?" என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டத்தோவும் வாழ்த்த வந்தார். வாசலில் நின்று பலகையை முழுதாகப் படித்தார். பின்னாலிருந்தவர்களும் நின்றார்கள். புஷ்பவல்லி கை கூப்பியபடி, இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தார்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா போட்டிருக்கலாம்," என்று பக்கிரிசாமியிடம் சொல்லிவிட்டு டத்தோ உள்ளே போனார்.

தாலி கட்டியது ரிஷிதான். கட்டிக்கொண்டது மலர்விழிதான். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. மறு வாரம் ரிஷி மீரிக்குப் போனான், அவளும் கூடவே போனாள்.

கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் மண்டப வாசலில் உள்ள பெயர்ப்பலகையைத்தான் எடுப்பார்கள். ஆல்பத்தில் முதல் பக்கம் அதுதான். மலர்விழியின் ஆல்பத்திலும் முதல் பக்கத்தில், பூ வளைவுக்கு நடுவே, 'மணமகன்: டத்தோ சிவநேசன். மணமகள்: டத்தோ சிவநேசன்' என்று இருக்கிறது. ஆல்பம் வந்த அன்றே புஷ்பவல்லி அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். ஸ்டிக்கர் மெல்லியது. பிள்ளையாரின் தொப்பைக்குள்ளே டத்தோ தெரிகிறார், இரண்டு முறை.